இரண்டு சிவப்பு முனைகள்

கார்த்திகை தீபத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. திருவண்ணாமலை மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், தெரிந்தவரின் மைக் செட் கடையில், மூடி கழற்றிய ஆம்ப்ளிபயர் ஒன்று மேஜைமேல் கிடந்தது. கிட்டே போனதுமே கருகல் வாடை. ஹீட் சிங்க்கில் வரிசையாகத் திருகியிருந்த டிரான்சிஸ்டர்களில் நான்கின் முதுகு வெடித்திருந்தது. பக்கத்தில் வெள்ளை சிமென்ட் மின்தடை இரண்டு, பழுப்பேறி நெடுக்குவாக்கில் பிளந்து கிடந்தன.

"போன மாசம் ஒரு கல்யாணம் தம்பி. சத்தம் பத்தலைன்னு பிரிட்ஜ் போட்டோம். பாதிப் பாட்டுல நின்னுடுச்சு" என்றார் கடைக்காரர்.

அதே மாடலில் இன்னொரு ஆம்ப்ளிபயர் அவரிடம் நல்ல நிலையில் இருந்தது. இதையும் சரிசெய்துவிட்டால் இரண்டு. ஸ்பீக்கர் பெட்டிகள் நான்கு. தீபத்தன்று ஒரு வீதியின் நீளத்துக்கு அறிவிப்பு கேட்க வேண்டும். அதுதான் அவருக்கு வந்திருந்த வேலை. அவர் கேட்ட கேள்வி இது: இரண்டையும் பிரிட்ஜ் போட்டு ஓட்டலாமா, இல்லை, ஸ்டீரியோவிலேயே விட்டுவிடலாமா?

வீட்டில் பாட்டுக் கேட்கிறவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒரு நல்ல ஸ்டீரியோ ஆம்ப் போதுமா, இரண்டு வாங்கி ஒவ்வொன்றையும் பிரிட்ஜ் செய்து ஸ்பீக்கருக்கு ஒன்றாகக் கொடுக்கலாமா என்று. வாட் கணக்கு பெரிதாகத் தெரிவதால் பலரும் இரண்டாவது பக்கம் சாய்கிறார்கள். அந்த வாட் எங்கிருந்து வருகிறது, யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் முடிவு பெரும்பாலும் மாறிவிடும்.

ஸ்டீரியோ ஆம்ப்ளிபயரின் பின்பக்கம் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு சிவப்பு முனை, ஒரு கறுப்பு முனை. கறுப்பு அசையாமல் பூஜ்ஜியத்தில் நிற்கும். சிவப்பில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கிறது. பிரிட்ஜ் செய்யும்போது கறுப்பு முனைகளை விட்டுவிடுகிறோம். ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் இரண்டு சேனல்களின் சிவப்பு முனைகளுக்குப் போகின்றன. உள்ளே ஒரு சேனலுக்கு மட்டும் ஒலி தலைகீழாகக் கொடுக்கப்படுகிறது. ஒன்று 30 வோல்ட் மேலே போகும் அதே கணத்தில் மற்றது 30 வோல்ட் கீழே போகும். நடுவில் பாலம்போலக் கிடக்கும் ஸ்பீக்கருக்கு 60 வோல்ட்.

கேழ்வரகு அரைக்கிற திருகையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கல் அசையாது, மேல்கல் சுற்றும். அடிக்கல்லையும் யாராவது அதே வேகத்தில் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால், நடுவில் கிடக்கும் தானியத்துக்கு உரசல் இரண்டு மடங்கு. சுற்றுகிற இருவரும் கையை முன்பைவிட வேகமாக வீசவில்லை. ஆனால் மாவு இரு மடங்கு விழும்போது கல் கனக்கும். அந்தக் கனம் இருவர் தோளிலும் ஏறும்.

மின்சாரத்திலும் அப்படித்தான். அழுத்தம் இரு மடங்கானால் அதே ஸ்பீக்கர் வழியே ஓட்டமும் இரு மடங்காகும். இரண்டையும் பெருக்கினால் திறன் நான்கு மடங்கு. பிரிட்ஜ் என்றால் நான்கு மடங்கு வாட் என்று கடைகளில் சொல்வது இதைத்தான். கணக்கு தப்பில்லை. ஆனால் பிரிட்ஜ் செய்வதால் நேராகக் கிடைப்பது அழுத்தம் மட்டுமே. இரு மடங்கு ஓட்டத்தை அதே டிரான்சிஸ்டர்களும் அதே டிரான்ஸ்ஃபார்மரும்தான் எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும். ஒரு சேனலின் இடத்தில் நின்று பார்த்தால், 8 ஓம் ஸ்பீக்கர் இப்போது 4 ஓம் ஸ்பீக்கராகத் தெரியும். 4 ஓம் ஸ்பீக்கரோ 2 ஓம் ஆகிவிடும்.

தமிழ்நாட்டில் சால்டரிங் அயர்ன் பிடித்த எவருக்கும் 4440 என்ற எண் தெரியும். சான்யோ நிறுவனத்தின் எல்ஏ 4440 ஐசி. சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஊர் ரேடியோ மெக்கானிக் கடைவரை அதை வைத்த போர்டுகள் போகாத இடம் இல்லை. ஆட்டோவில், வேனில், வீட்டு அலமாரியில் ஓடிய எத்தனையோ செட்டுகளின் உயிர் அதுதான். அந்தச் சின்ன ஐசிக்குள் இரண்டு சேனல்கள். தனித்தனியாக ஓட்டினால் 13.2 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, சேனலுக்கு 6 வாட். பிரிட்ஜ் செய்தால் ஒரே ஸ்பீக்கருக்கு 19 வாட். தயாரிப்பாளர் கொடுத்த எண்கள் இவை.

6 வாட்டின் நான்கு மடங்கு 24. வந்தது 19. மீதி 5 வாட், ஓட்டம் கூடும்போது ஐசியின் உள்ளேயே ஏற்படும் இழப்பில் போய்விட்டது. ஆனாலும் காரிலும் ஆட்டோவிலும் பிரிட்ஜ் செய்வதுதான் சரியான வழி என்பேன். அங்கே பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேல் அதிகம் தராது. தனிச் சேனல் அந்த எல்லைக்குள் எவ்வளவு முக்கினாலும் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஐந்தாறு வாட்டைத் தாண்ட முடியாது. ஓட்டமோ பேட்டரியில் தாராளமாக இருக்கிறது. குறைவது அழுத்தம் என்பதால் அழுத்தத்தை இரட்டிக்கும் வழி அங்கே நன்றாகப் பொருந்துகிறது. கார் ஸ்டீரியோவின் உள்ளே இன்று ஒவ்வொரு சேனலும் ஏற்கெனவே பிரிட்ஜ்தான்.

கல்யாண மண்டபத்து ஆம்ப் அப்படியல்ல. அதன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டிய அழுத்தத்தைத் தரும். அதற்கு எல்லை போடுவது ஓட்டமும் சூடும். கடைக்காரரிடம் ஒரு துணி வாங்கி அந்த ஆம்ப்பின் பின்பக்கத் தூசியைத் துடைத்தேன். மூன்று நிலை சுவிட்ச். அதன் அடியில், நகக்கண் அளவு எழுத்தில் ஒரு வரி: ஸ்டீரியோவில் குறைந்தபட்சம் 4 ஓம், பிரிட்ஜில் குறைந்தபட்சம் 8 ஓம்.

"கல்யாணத்துல எத்தனை பெட்டி மாட்டுனீங்கண்ணா?"

"ரெண்டு. பேரலல்."

8 ஓம் பெட்டி இரண்டைப் பேரலலாக மாட்டினால் 4 ஓம். பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலுக்கும் அது 2 ஓம். அந்த ஆம்ப் தாங்குவதாகச் சொன்ன சுமையைப்போல இரு மடங்கு. போதாததற்கு, ஸ்பீக்கர் மேல் எழுதியிருக்கும் 8 ஓம் என்பது ஒரு பெயரளவு எண்தான். ஒலியின் சுருதி மாற மாற அது 30 ஓமுக்கும் போகும், சில இடங்களில் 6 ஓமுக்கும் இறங்கும். மெல்லிசைக் குழுவின் கீபோர்டு சரியாக அந்த இறக்கத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினால், ஹீட் சிங்க் அதை நேராக உணரும். அவர் மேஜையில் பிளந்து கிடந்த சிமென்ட் மின்தடைகள் அந்தப் பாதிப் பாட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தன.

சத்தம் பற்றாமல்தானே பிரிட்ஜ் போட்டார், அதனால் சத்தம் எவ்வளவு கூடியிருக்கும்?

நம் காது வாட்டை எண்ணுவதில்லை. திறனை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். ஒரு ஒலி இரு மடங்கு உரக்கக் கேட்பதாகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். பிரிட்ஜின் நான்கு மடங்கு, முழுதாகக் கிடைத்தாலும், 6 டெசிபல். 4440ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கு ஆறு ஆறாக 12 வாட், அல்லது ஒரு ஸ்பீக்கருக்கு 19 வாட். இரண்டுக்கும் நடுவே இருப்பது 2 டெசிபல். அதோடு ஒரே இடத்தில் அருகருகே வைத்த இரண்டு ஸ்பீக்கர்கள் தாழ்ந்த சுரங்களில் ஒன்றுக்கொன்று கைகொடுத்து 3 டெசிபல்வரை கூட்டித் தரும். கையில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் பிரிட்ஜ் செய்து ஒன்றை மட்டும் ஓட்டுவதில் ஒரு லாபமும் இல்லை.

வீட்டுக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். நான் நாகஸ்வரம் கேட்கிறவன். புத்தக அலமாரியில் வைக்கும் சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தொலைவில், 87 டெசிபல் அளவுக்கு ஒலிக்கும். நடுத்தர அறையில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒரு ஜோடி ஸ்பீக்கரின் சராசரி ஒரு வாட்டே அறையை நிறைத்துவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தை படித்துக்கொண்டிருந்தால் அதையும் குறைக்க வேண்டியிருக்கும். அப்படியானால் 100 வாட் எதற்கு? தவிலுக்கு. வலப்பக்கம் கூடு மாட்டிய விரல்களும் இடப்பக்கம் கழியும் சேர்ந்து விழும் அந்த ஒரு அடி, சராசரியைவிட 15 அல்லது 20 டெசிபல் மேலே எகிறும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. ஒரு வாட் சராசரிக்கு ஒரு கணம் 100 வாட். அந்தக் கணத்தில் ஆம்ப்பிடம் கையிருப்பு இல்லையென்றால் அலையின் தலை தட்டையாக வெட்டப்படும், தவில் தகரமாகும். தொடர்ந்து அப்படி வெட்டுப்பட்டால் முதலில் உயிர்விடுவது ட்வீட்டர்.

ஆக, வீட்டுக்குத் தேவை 60 முதல் 100 வாட் தரும், 4 ஓமிலும் தடுமாறாத ஒரு ஸ்டீரியோ ஆம்ப். இரண்டு வாங்கும் பணத்தில் அப்படி ஒன்றை வாங்கலாம். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். 87க்குப் பதில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர், ஆம்ப்பின் திறனை இரட்டித்ததற்குச் சமம். சூடும் இல்லை, மின்கட்டணமும் இல்லை. பிரிட்ஜ் செய்தால் ஒலியின் பிடி தளரும், 'டேம்பிங்' பாதியாகும் என்று ஒரு பயமுறுத்தலும் உண்டு. பாதியாவது உண்மைதான். ஆனால் எட்டு மீட்டர் மெல்லிய ஒயரின் மின்தடையே அதைவிடப் பெரிது. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. இப்போது கடைகளில் 4440இன் இடத்தைப் பிடித்திருப்பவை டிபிஏ 3116 ஐசி வைத்த கைப்பிடி அளவு போர்டுகள். 21 வோல்ட்டில் சேனலுக்கு 50 வாட். கார் ஸ்டீரியோ போலவே இதன் ஒவ்வொரு சேனலும் பிறவியிலேயே பிரிட்ஜ். இதில் கறுப்பு முனை பூஜ்ஜியமல்ல. அதுவும் அசைகிற முனை. பழைய பழக்கத்தில் "கறுப்பு என்றால் எர்த்துதானே" என்று இரு சேனல்களின் கறுப்பையும் ஒன்றாக முறுக்கினால் போர்டு போய்விடும். இதை மறுபடி பிரிட்ஜ் செய்யவும் முடியாது. ஒற்றைச் சேனலாக்க வேண்டுமென்றால் அதில் இரண்டையும் தோளோடு தோளாகப் பேரலலில் சேர்க்கிறார்கள். அப்போது கூடுவது ஓட்டம். 2 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தருவது அப்படித்தான். பிரிட்ஜ் ஓம் கூடிய ஸ்பீக்கருக்கும், பேரலல் ஓம் குறைந்த ஸ்பீக்கருக்கும் பொருந்தும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கைவைத்ததால் புகைந்த போர்டுகளை நானே பார்த்திருக்கிறேன். பெரிய ஆம்ப்களின் பிரிட்ஜ் முனைகளில் வெறும் கையும் படக் கூடாது. 70, 100 வோல்ட் ஓடும் இடம் அது.

வீதிக்கு வருவோம்.

தீபத்தன்று மாலை 6 மணிக்குச் சற்று முன், அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குள் சில நிமிடங்கள் மட்டும் காட்சி தந்து திரும்புவார். உடனே 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம். அப்போது எழும் அரோகரா முழக்கத்துக்கு முன்னால் எந்த ஆம்ப்ளிபயரும் எடுபடாது; எடுபடவும் வேண்டாம். மைக் செட்டின் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. கூட்டம் கலையும்போது கைவிட்டுப்போன குழந்தையின் பெயர், அது போட்டிருக்கும் சட்டையின் நிறம், எந்த இடத்தில் வந்து அழைத்துப்போக வேண்டும் என்ற தகவல். வெளியூர்க்காரி ஒருத்தி, இந்த வீதியின் பெயர்கூடத் தெரியாதவள், அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியது ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் காதில் விழுவது. வெறும் சத்தத்தால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. நான் இந்தக் கணக்கெல்லாம் போடுவது அவளுக்காகத்தான்.

திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். கவனியுங்கள், பிரிட்ஜ் தரும் அதிகபட்சமும் அதே 6 டெசிபல்தான். வீதியில் 80 மீட்டருக்கு ஒரு பெட்டி வைத்தால் நடுவில் நிற்பவர் பெட்டியிலிருந்து 40 மீட்டர் தள்ளி நிற்பார். அவருக்காக ஆம்ப்பைப் பிரிட்ஜ் செய்து 100 வாட்டை 400 ஆக்கலாம். அல்லது 40 மீட்டருக்கு ஒரு பெட்டியாக நெருக்கி வைத்து, அவரை 20 மீட்டருக்குள் கொண்டுவரலாம். அவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெட்டிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றல்ல. ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தரும் பெட்டி 100 வாட்டில் இரண்டு மீட்டர் தொலைவில் 111 டெசிபல் ஒலிக்கும். பிரிட்ஜ் செய்து 400 வாட் ஏற்றினால் 117. அங்கே அகல் விளக்கும் நெல்பொரியும் விற்றுக்கொண்டு விடியவிடிய ஒருவர் இருப்பார். எழுந்து தள்ளிப்போக அவரால் முடியாது, போட்ட கடை அங்கே. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது வேலை செய்பவரின் காதுக்கு அமெரிக்கத் தொழில் நலக் கழகமான நையோஷ் பரிந்துரைக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிக்கொண்டே வரும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். நடுவில் நிற்பவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பொரிக்காரரின் காதைக் கெடுப்பது தேவையே இல்லாத கொடுமை. பெட்டியை நகர்த்தினால் தீருகிற விஷயம் இது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கின்றன. விழாக் காலங்களில் நள்ளிரவுவரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்ற நிபந்தனையும் இங்கே விழா அனுமதிகளில் அடிக்கடி வருகிறது. பழைய குழாய் ஸ்பீக்கர் காதைக் குடைந்தாலும் ஒரு நல்ல குணம் அதற்கு உண்டு: ஒரு வாட்டுக்கே 100 டெசிபலைத் தாண்டும். 30 வாட் யூனிட் ஒன்று தெருவையே எழுப்பிவிடும். அதன் இடத்துக்குப் பெட்டி வந்தபோது அதே தூரத்துக்கு வாட் அதிகம் தேவைப்பட்டது. எங்கள் கடைக்காரரைப் போன்றவர்கள் பிரிட்ஜ் சுவிட்சைத் தேடி விரல் நீட்டத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நெருக்கி வைப்பதில் சங்கடமே இல்லை என்று சொல்லவில்லை. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 40 மீட்டர் தள்ளியிருக்கும் பெட்டியின் குரல், பக்கத்துப் பெட்டியின் குரலுக்குப் பின்னால் நொடியில் எட்டில் ஒரு பங்கு தாமதித்து வரும். இரண்டுக்கும் இடைவெளி 30 மில்லிநொடிக்குள் இருந்தால் மூளை ஒரே ஒலியாகச் சேர்த்துக்கொள்ளும் என்று ஹெல்முட் ஹாஸ் 1949இல் காட்டினார். 50ஐத் தாண்டினால் பேச்சில் எதிரொலி தெரியத் தொடங்கும். 'குமார்' 'குமாகுமார்' ஆகும். அதற்கு மருந்து, எல்லாப் பெட்டிகளையும் ஒரே திசை பார்க்க வைத்து, முன்னால் இருப்பவற்றுக்குச் சிறு தாமதம் கொடுப்பது. இப்போது வரும் சாதாரண டிஜிட்டல் மிக்சரிலேயே அந்த வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் அறிவிப்பவர் சொல்லுக்குச் சொல் மூச்சுவிட்டுப் பேச வேண்டும். தீபத்தன்று அந்த மைக்கைப் பிடிப்பவரிடம் நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். குழந்தையின் பெயரை இரண்டு முறை, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள்.

ஒயரும் திறனைத் தின்னும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 60 மீட்டர் ஓடினால், போக வர அதன் மின்தடை 1.4 ஓம். அந்த முனையில் 8 ஓம் பெட்டி ஒன்று இருந்தால் 15 சதவீதம் ஒயரிலேயே போகும். பேரலலில் இரண்டு பெட்டி மாட்டி 4 ஓம் ஆக்கினால் 26 சதவீதம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை போன்ற தூரங்களுக்கு இந்த முறையே உதவாது. 500 மீட்டரில் ஒயரின் மின்தடை ஸ்பீக்கரைவிடப் பெரிதாகிவிடும். அதற்குத்தான் பழைய 100 வோல்ட் லைன். ஆம்ப்பிலிருந்து உயர்ந்த அழுத்தத்தில், குறைந்த ஓட்டத்தில் அனுப்பி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்கிக்கொள்வது. நெய்வேலியிலிருந்து மின்சாரம் வரும் அதே முறை. 30 வாட் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 500 மீட்டரிலும் 3 சதவீதம்தான் இழப்பு. பிரிட்ஜ் நியாயமாக வேலை செய்யும் இன்னொரு இடமும் இதுவே. 8 ஓமுக்கு 150 வாட் தரும் சேனல் ஒன்று 35 வோல்ட் தருகிறது. இரண்டைப் பிரிட்ஜ் செய்தால் 70 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே கிடைத்துவிடும்.

கடைக்காரருடன் உட்கார்ந்து ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். அவருடைய ஆம்ப் 8 ஓமுக்குச் சேனலுக்கு 300 வாட், 4 ஓமுக்கு 500, பிரிட்ஜில் 8 ஓமுக்கு 1,000. பிரிட்ஜ் எண் எப்போதும் 4 ஓம் எண்ணின் இரு மடங்குக்குமேல் போகாது என்பதை அதிலேயே பார்க்கலாம். இரண்டையும் பிரிட்ஜ் செய்தால் இரண்டே பெட்டிதான் மாட்ட முடியும். 1,000 வாட்டை அந்தப் பெட்டிகள் தாங்காது. 400 என்றுதான் அவற்றின் முதுகில் எழுதியிருந்தது. ஒரே ஆம்ப்பை ஸ்டீரியோவில் வைத்து, சேனலுக்கு இரண்டு பெட்டியாக நான்கையும் மாட்டினால் பெட்டிக்கு 250 வாட். இரண்டு ஆம்ப்பையும் ஸ்டீரியோவில் வைத்து, சேனலுக்கு ஒரு பெட்டி என்றால் 300. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் 0.8 டெசிபல். காதுக்குத் தெரியாது.

"அப்போ ஒண்ணே போதும்னு சொல்றியா?"

போதும்தான். நான்கு பெட்டிக்கு ஒரு ஸ்டீரியோ ஆம்ப் போதும், இன்னொன்றைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் வேறு விதமாக யோசித்தார். நள்ளிரவுவரை விடாமல் ஓட வேண்டும், ஜெனரேட்டர் மாறும்போது அழுத்தம் ஏறி இறங்கும், 8 ஓமில் இரண்டும் ஆறிக்கொண்டே ஓடட்டும் என்றார். அவர் சொன்னது சரி. பழுதான ஆம்ப்புக்கு அந்த வாரமே டிரான்சிஸ்டர்களும் சிமென்ட் மின்தடைகளும் மாற்றியாகிவிட்டது.

மிக்சரிலிருந்து வரும் ஒரே குரலை நான்கு சேனல்களுக்கும் பிரித்துக் கொடுத்தோம். பெட்டிகளை மட்டும் மாற்றி மாட்டச் சொன்னேன். ஒன்றும் மூன்றும் முதல் ஆம்ப்பில், இரண்டும் நான்கும் அடுத்ததில். விழாவுக்கு முந்தைய நாள் மாலை சோதனை. பையன் ஒருவன் மைக்கில் எண்களைச் சொல்லிக்கொண்டிருக்க, கடைக்காரர் முதல் ஆம்ப்பின் ஒயரைப் பிடுங்கினார். நான் வீதியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். குரல் சில இடங்களில் மெலிந்தது, எங்கேயும் அறுந்துபோகவில்லை. மூன்றாவது பெட்டிக்குக் கீழே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், அந்தப் பையன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

"பதினேழு, பதினெட்டுங்கிறான்" என்றார், தலையைத் தூக்காமல்.

திரும்பி வந்தபோது கடைக்காரர் இரண்டு ஆம்ப்களின் சுவிட்சையும் ஸ்டீரியோவில் தள்ளி, அவற்றின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தார்.